விட நினைப்பவருக்கு யார் துணை?

தமிழ்நாட்டில் ஹூக்கா கூடம் நடத்தினால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் நிறைவேறி, மறு ஆண்டு குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற திருத்தச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பீடியின் கதை வேறு. 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் சிகரெட்டுக்கு 40 விழுக்காடு வரி என்று முடிவு செய்தபோதே, பீடிக்கான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கவும் முடிவு செய்தது. ஒரு புகைக்குத் தடை, ஒன்றுக்கு வரியேற்றம், இன்னொன்றுக்குச் சலுகை. இந்த மூன்று முடிவுகளிலும் ஒருவரைப் பற்றிப் பேச்சே இல்லை: ஏற்கெனவே பழக்கத்தில் சிக்கி, விட நினைத்து, விட முடியாமல் தவிப்பவர்.

சங்கரன்கோவிலில் ஹூக்கா கண்ணில் படுவது அபூர்வம். இங்கே தறிக்கூடத்து வாசலிலும், பூச்சந்தைக்குப் பக்கத்து விடியற்காலை டீக்கடையிலும் புகைவது பீடிதான். ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் என்று இந்தத் தென்காசி மாவட்டத்தின் பல ஊர்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சுற்றுவதும் அதையேதான். ஆனால் ஹூக்கா சென்னையின் பணக்காரப் பிள்ளைகளோடு முடிந்துபோகிற விஷயமும் அல்ல. கடையநல்லூர் தொடங்கி இந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே ‘ஷீஷா’ என்ற பெயரில் அது காபிக்கடைப் பொழுதுபோக்கு. ஊரில் பீடி, அங்கே ஷீஷா, பஸ் ஏறும்போது சிகரெட், வேலை நேரத்தில் வாயில் ஒதுக்கிய புகையிலை என்று ஒரே மனிதரிடம் நாலு வடிவமும் இருக்கலாம். சட்டம் வடிவத்துக்கு ஒரு விதி வைக்கிறது. உடம்பு கேட்பது ஒன்றே ஒன்றை, நிகோடினை.

தண்ணீரும் இலையும் காப்பாற்றாது

ஹூக்காவைப் பற்றிப் பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு: புகை தண்ணீரில் புகுந்து வருவதால் நஞ்சு கழிந்துவிடும் என்று. தண்ணீர் புகையின் சூட்டைத்தான் தணிக்கிறது, நஞ்சை வடிகட்டுவதில்லை. சூடு தணிந்த புகை தொண்டையை உறுத்தாததால் இன்னும் ஆழமாக, இன்னும் அதிகமாக உள்ளே இழுக்க முடிகிறது. ஒரு மணி நேரம் ஹூக்கா பிடிப்பவர் உள்ளிழுக்கும் புகையின் அளவு, ஒரு சிகரெட்டின் புகையைப்போல் நூறு முதல் இருநூறு மடங்கு வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மேலே வைக்கும் கரித்துண்டிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு இதில் தனிக் கணக்கு. பழ வாசனை சேர்ப்பதால் மட்டும் புகை பழமாகிவிடாது.

பீடியைப் பற்றியும் இதே மாதிரி ஓர் எண்ணம் இருக்கிறது. ‘வெறும் இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை’ என்று. பீடிக்குள் இருக்கும் தூள், சிகரெட்டில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது என்பது உண்மை. ஆனால் பீடி இலையில் காற்று புகாது, அடிக்கடி அணைந்துபோகும். அணையாமல் வைத்துக்கொள்ள வேகமாகவும் பலமாகவும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்த தூளிலிருந்து சிகரெட்டுக்கு ஈடான, சில சமயம் அதைவிடக் கூடுதலான தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குள் போவது இப்படித்தான்.

இதன் விலை என்ன என்பதை அறிய வெளிநாட்டு ஆய்வுகளைத் தேட வேண்டியதில்லை. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் மரணக் காரணத்தையும், உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தையும் ஒப்பிட்டு வெந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ ஆகியோர் அடங்கிய குழு செய்த ஆய்வு 2003இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப்போல் நாலு மடங்குக்கும் மேல் என்று அது கண்டது. புகை என்றவுடன் நமக்குப் புற்றுநோய்தான் நினைவுக்கு வருகிறது. சினிமாக் கொட்டகையில் காட்டுவதும் அதையே. தமிழ்நாட்டு ஏழை ஆணுக்குப் புகையால் வரும் பெரிய ஆபத்துகளில் ஒன்று, மருந்து கொடுத்தால் குணமாகிவிடக்கூடிய காசநோய் என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை. என் வாதமே இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது: புகையை விடவைக்கும் வேலையைத் தொடங்கச் சரியான இடம், தாலுகா மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்காக மக்கள் காத்து நிற்கும் வரிசை.

பேச்சும் ஒரு சிகிச்சை

இதற்கான சான்று பக்கத்து நாட்டிலிருந்து கிடைக்கிறது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் ஜங், சர்கோதா மாவட்டங்களின் 33 சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடந்தது. காசநோயாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு இருமிக்கொண்டு வந்த, பீடி, சிகரெட் அல்லது ஹூக்கா பிடிக்கும் 1,955 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இன்னொரு பகுதியினரிடம் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் இரண்டு தடவை உட்கார்ந்து பேசினார்: எந்த நாளில் விடப்போகிறீர்கள், எந்த நேரத்தில் ஆசை வருகிறது, அப்போது என்ன செய்வீர்கள் என்று. மூன்றாவது பகுதியினருக்கு இந்தப் பேச்சோடு புப்ரோபியான் என்ற மாத்திரையும் தரப்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 8.5 பேர்தான் தொடர்ந்து விட்டிருந்தார்கள். பேச்சு மட்டும் கிடைத்தவர்களில் 41 பேர். பேச்சும் மாத்திரையும் கிடைத்தவர்களில் 45.4 பேர். 2013இல் வெளியான முடிவு இது.

இந்த எண்களைப் படித்துவிட்டு மயங்கிவிடக் கூடாது. நூற்றுக்கு 41 என்பது எந்த ஊரிலும் எளிதில் கிடைக்கிற வெற்றி அல்ல. வந்தவர்கள் வாரக்கணக்கில் இருமியவர்கள், உயிர்ப்பயத்தில் இருந்தவர்கள். நல்ல ஆரோக்கியத்தோடு டீக்கடையில் நிற்பவரிடம் இதே பேச்சு இதே பலனைத் தராது. ஆனால் அதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும். பயம் கதவைத் திறந்து வைத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் யாராவது பேச வேண்டும். நம் மருத்துவமனைகளில் அந்த அரை மணி நேரம் டோக்கன் வாங்குவதிலும் எக்ஸ்ரே அறையைத் தேடுவதிலும் கழிந்துவிடுகிறது.

ஹூக்கா பிடிப்பவர்களுக்கு மருந்து எவ்வளவு உதவும் என்பதையும் பாகிஸ்தானிலேயே சோதித்தார்கள். 510 பேர் பங்கேற்ற, 2018இல் வெளியான ஆய்வில் எல்லோருக்கும் ஆலோசனை கிடைத்தது. பாதிப் பேருக்கு வரெனிக்ளின் மாத்திரை, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சிகரெட் பிடிப்பவர்களை விடுவிப்பதில் முன்வரிசையில் நிற்கும் மருந்து, ஹூக்காவிடம் தோற்றது. காரணம் யூகிக்கக்கூடியதே. ஹூக்கா தனியாகப் பிடிக்கிற பொருள் அல்ல. நாலு பேர் கூடி, குழாயைக் கைமாற்றி, பேசிக்கொண்டே பிடிப்பது. அந்தக் கூட்டத்தின் ஆசையை மூளைக்குள் போகும் மாத்திரை எப்படித் தணிக்கும்?

அதற்காக மருந்தே வேண்டாம் என்று முடிவுகட்டுவது தவறு. சிகரெட் பிடிப்பவர்களிடம் நடந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நிகோடின் கம்மும் தோலில் ஒட்டும் பட்டையும் வெற்றி வாய்ப்பைப் பாதிக்கும் மேல் கூட்டுகின்றன. வரெனிக்ளின் இருமடங்குக்கு மேல் ஆக்குகிறது. காலையில் கண் விழித்தவுடன் பற்றவைப்பவர், ‘பீடி இழுத்தால்தான் வயிறு போகும்’ என்கிற நிலையில் இருப்பவர், இவர்களுக்கு வெறும் பேச்சு போதாது. 2024 ஜூலையில் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல் வரெனிக்ளின், நிகோடின் மாற்று மருந்துகள், புப்ரோபியான், சைட்டிசின் ஆகியவற்றைப் பரிந்துரைத்து, இவற்றோடு ஆலோசனையும் சேர வேண்டும் என்கிறது. என் கணிப்பில் நம் சிறு ஊர்களுக்கு வரிசை இப்படி இருக்க வேண்டும்: பேச்சு எல்லோருக்கும், மருந்து தேவைப்படுபவருக்கு. இப்போது நடப்பதோ, ‘பீடியை விட்டுருங்க’ என்ற ஒற்றை வரி.

மன உறுதி இல்லாதவர்களா?

‘மனசு வைத்தால் விட்டுவிடலாம், இதற்கு ஆஸ்பத்திரி எதற்கு?’ என்பதுதான் முதலில் எழும் எதிர்ப்பு. மனசு வைப்பவர்களுக்குக் குறைவில்லை. 2016-17ஆம் ஆண்டின் தேசிய புகையிலைக் கணக்கெடுப்பில், புகைக்கும் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 55.4 விழுக்காட்டினர், விடத் திட்டமிடுவதாகவோ யோசிப்பதாகவோ சொன்னார்கள். உதவி இல்லாமல் விட முயல்பவர்களில் நூற்றுக்கு நாலு பேர் அளவுக்குத்தான் வெற்றி பெறுகிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. அதே இந்தியக் கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. நாடு முழுவதும் புகையிலைப் பழக்கம் ஏழு ஆண்டுகளில் 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6 ஆகக் குறைந்தபோது, தமிழ்நாட்டில் 16.2இலிருந்து 20 ஆகக் கூடியிருந்தது. மருத்துவத்தில் முன்மாதிரி என்று பெருமைப்படும் மாநிலம் இது.

மன உறுதிக்கு இந்த வட்டாரத்திலேயே ஆண்டுதோறும் ஒரு சான்று கிடைக்கிறது. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களில் நேற்றுவரை இரண்டு கட்டு பீடி இழுத்தவர்களும் உண்டு. விரதத்தைக் கறாராகக் கடைப்பிடிப்பவர்கள் 41 நாள் தொடுவதே இல்லை. நிகோடின் இல்லாத தவிப்பு முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நாலு வாரத்தில் தணிந்துவிடும். அதாவது இருமுடி கட்டும்போதே உடம்பு பெரும்பாலும் விடுதலை அடைந்துவிட்டது. மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய மறுநாள் மறுபடி பீடி வருகிறதென்றால், அதைக் கொண்டுவருவது உடம்பு அல்ல. டீ, பெஞ்சு, நண்பர் நீட்டும் கை. விரத நாட்களில் ‘சாமி’ என்று கூப்பிட்டு யாரும் பீடி நீட்டவில்லை, ஊரே சேர்ந்து அவரைக் காத்தது. மாலை கழன்றதும் அந்தக் காவலும் கழன்றுவிடுகிறது. ரமலான் மாதப் பகல்களில் புகைக்காமலிருந்து பெருநாளோடு பழையபடி தொடங்குபவர்களின் கதையும் இதற்கு ரொம்ப தூரமில்லை. ஆலோசனை என்று மருத்துவர்கள் சொல்வது, அந்தக் காவலை மதத்தின் நாள்காட்டிக்கு வெளியேயும் நீட்டித்துத் தரும் ஏற்பாடுதான்.

இரண்டாவது எதிர்ப்பு, நிகோடினை விட நிகோடினையே கொடுப்பதா என்பது. கெடுப்பது பெரும்பாலும் புகை, பிடித்து வைப்பது நிகோடின். கம் வழியே போகும் நிகோடின் மெதுவாக, குறைந்த அளவில், தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாமல் போகிறது. சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். ஒரு சிக்கல் உண்டு: இதை மிட்டாய்போல மென்று விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி குடித்த உடனே போடக் கூடாது. வெற்றிலை போட்டுப் பழகிய ஊருக்கு ‘ஒதுக்குவது’ எப்படி என்று சொல்லித்தர அதிக நேரம் ஆகாது என்றாலும், யாராவது ஒருவர் சொல்லித்தந்தாக வேண்டும். வரெனிக்ளினும் புப்ரோபியானும் மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு 16 நாடுகளில் 8,144 பேரிடம் நடந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வு பெருமளவு பதில் சொல்லிவிட்டது. வலிப்பு நோய் உள்ளவருக்குப் புப்ரோபியான் ஆகாது என்பதுபோன்ற கட்டுப்பாடுகள் இருப்பதால் அவற்றை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

உண்மையான தடை விலை. ஒரு நாளைக்கு வேண்டிய கம்மின் செலவு ஒரு கட்டு பீடியின் விலையைப்போலப் பல மடங்கு. நோயைத் தருவது பெட்டிக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கிறது, விடுவிப்பது மருந்துக்கடையில் நோட்டை நீட்டினால்தான் கிடைக்கிறது. தினக்கூலிக்காரர் எதை வாங்குவார்? நிகோடின் மாற்று மருந்து 2022இன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. பட்டியலில் இருப்பது மருந்தக ஜன்னலுக்கும் வர வேண்டும்.

பீடி சுற்றும் கைகள்

மூன்றாவது எதிர்ப்பு இந்த மாவட்டத்துக்கே உரியது, எளிதில் தள்ளிவிட முடியாதது. பீடியை விடச் சொன்னால் பீடி சுற்றும் பெண்களின் கஞ்சியில் மண் விழாதா? வரிக்குறைப்புக்குச் சொல்லப்படும் நியாயமும் இந்தப் பெண்களின் பெயரால்தான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அவர்களுக்கு, பீடி வரியில் குறையும் பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் கைக்கு வந்து சேரும் என்று எந்த விதியும் உறுதி தரவில்லை. மாறாக, அவர்களுக்கென்றே இருந்த ஒரு வரி போய்விட்டது. பீடித் தொழிலாளர் நல நிதிக்காக 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலிக்கப்பட்ட நலவரி, ஜிஎஸ்டி வந்த 2017இல் ஒழிந்தது. பீடிப் பெண்களுக்கு உண்மையில் உதவ நினைத்தால் அந்த நிதியை மீட்டுத் தருவதும், மாற்றுத் தொழிலுக்குக் கைப்பணம் தருவதும்தான் வழி. அவர்களுடைய கணவரும் தகப்பனும் புகைத்துக்கொண்டே இருப்பது வழி அல்ல. நாள் முழுவதும் தூளின் நெடியில் உட்கார்ந்து சம்பாதித்த கூலியில் ஒரு பங்கு, அதே வீட்டு ஆணின் பீடிக்கும் பிறகு இருமல் மருந்துக்கும் போவதைத் தொழில் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலும், விடுவோர் எண்ணிக்கை ஓரிரு ஆண்டில் ஒரு தொழிலைச் சாய்க்கிற வேகத்தில் கூடுவதே இல்லை. மாற்று ஏற்பாட்டுக்குக் காலம் இருக்கிறது, தொடங்கத்தான் ஆளில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

புதுக் கட்டடமும் புதுத் துறையும் தேவையில்லை. இருப்பதை இணைத்தால் போதும். சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனைக்கு வருபவரிடம், முடிவு வரும்வரை காத்திருக்கும் நேரத்திலேயே, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் அல்லது ஆலோசகர் அரை மணி நேரம் பேசட்டும். விடும் நாளைக் குறித்துக்கொண்டு, அந்த நாளில் ஒரு பத்து நிமிடம் மறுபடி பேசட்டும். மருத்துவரின் நேரத்தில் இது கை வைக்காது. பாகிஸ்தானில் பேசியவர்களும் மருத்துவர்கள் அல்லர். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, நோயாளியின் எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்த்து ஆபத்தில் இருப்பவரை முதல் நாளே பிரித்தெடுக்கிறது. அதே தாளில் புகையிலைக்கும் ஓர் இடம் கொடுத்து, ‘ஆம்’ என்று பதில் வந்தால் ஆலோசனை தானாகத் தொடங்கும்படி செய்யலாம். கேள்வியைக் கேட்டு டிக் அடித்ததோடு நின்றுவிடக் கூடாது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிகோடின் கம்மையும் பட்டையையும் மொத்தமாக வாங்கித் தாலுகா மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகத் தர வேண்டும். ஆலோசனைக்கு வருபவருக்கே மருந்து என்று வைத்தால் வீணாவதும் குறையும். 2021 ஆகஸ்டு முதல் வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால், மாதாமாதம் மாத்திரை கொடுக்கும்போதே ‘இன்னும் இழுக்கிறீர்களா, விடுகிற நாள் என்றைக்கு?’ என்று கேட்க முடியும். வீட்டுப் பெண்களின் முன்னால் கேட்கப்படும் அந்தக் கேள்விக்குத் தனி பலம் உண்டு. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்காக இயங்கும் மத்திய அரசு மருத்துவமனையிலும் இப்படியொரு பிரிவு தொடங்கலாம். அதில் முரண் ஏதுமில்லை. சுற்றுபவரும் இழுப்பவரும் பெரும்பாலும் ஒரே குடும்பம்.

1800 11 2356 என்ற இலவச எண் 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பொட்டலங்களின் மேல் அச்சாகி வருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் வழியாகத் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது. ஒற்றைச் சிகரெட்டாக வாங்குபவரின் கண்ணில் அந்த எண் படவே போவதில்லை. டீக்கடைச் சுவரிலும், தறிக்கூடத்து வாசலிலும், பேருந்து நிலையத்திலும், ஆடித்தபசுக் கூட்டம் கூடும் ரத வீதிகளிலும் நகராட்சி அதைப் பெரிதாக எழுதி வைக்க ஆகும் செலவு வண்ணச் செலவுதான். ஷீஷாவோடு திரும்பி வரும் இளைஞர்களுக்கு எண் மட்டும் போதாது, அவர்களிடம் தனித்தனியாகப் பேசிப் பயனில்லை. கூட்டமாகப் பிடித்தவர்களைக் கூட்டமாகவே உட்காரவைத்து, ஒரே நாளில் விடும்படி செய்ய வேண்டும். அதற்கு அந்தந்த ஊர் ஜமாஅத்தும் இளைஞர் மன்றங்களும் மருத்துவமனையோடு கைகோக்கலாம்.

கார்த்திகை முதல் தேதி மாலை போடுபவர்களில் புகைப்பழக்கம் உள்ளவர்களின் பெயரையும் கைபேசி எண்ணையும், அவர்கள் சம்மதித்தால், குருசாமிகள் மூலம் மருத்துவமனை வாங்கிக்கொள்ளட்டும். விரதம் நடக்கும்போது யாரும் அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். மகரவிளக்கு முடிந்து, மாலையைக் கழற்றி, அவர்கள் மறுபடி டீக்கடைப் பெஞ்சுக்கு வரும் தை முதல் வாரத்தில் ஓர் அழைப்பு, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. இந்த ஆண்டே செய்து பார்க்கலாம்.